நாற்காலி கட்டிய மோட்டார் சைக்கிள்

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருபது நிமிஷம். நேரத்தை இத்தனை சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் அப்பா. வீட்டில் பால் பொங்கினாலும் சரி, பல்லி விழுந்தாலும் சரி, அவர் முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பார். அன்றும் பார்த்துவிட்டு, "நாலு இருபது" என்று உரக்கச் சொன்னார். பதினான்கு மாதமாக எங்கள் விறகுக் கொட்டகையில் கிடந்து எல்லோருடைய உயிரையும் வாங்கிய அந்த மோட்டார் சைக்கிள், அந்த நிமிஷத்தில்தான் முதன்முறையாக இருமி, புகை கக்கி, ஓடத் தயாராக நின்றது. அது கிளம்பாமலே இருந்திருக்கலாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அறுபதுகளின் தொடக்கம். வண்டியைச் செய்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வேலூரில் ஒரு பஸ் பட்டறையில் வேலை பார்த்தவர், முதலாளியோடு மனஸ்தாபம் என்று பத்து நாள் தங்குவதற்காகத் திருவண்ணாமலைக்கு வந்தார். மனஸ்தாபமும் தீரவில்லை, அந்தப் பத்து நாளும் முடியவில்லை. வந்த மூன்றாவது வாரம் எங்கிருந்தோ ஒரு எஞ்சினைக் கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்டுப் போனதாம். முன் சக்கரம் ஒரு வண்டியுடையது, பின் சக்கரம் வேறொன்றுடையது. பெட்ரோல் டாங்க் எதனுடையது என்று அவருக்கே தெரியாது.

கொட்டகையில் இருக்க வேண்டிய விறகெல்லாம் வெளியே வந்து மழையில் நனைந்தது. ஈர விறகை ஊதி ஊதி அம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்திருந்தன. காபி வடிகட்டுகிற துணியை எடுத்துப் பெட்ரோலை வடிகட்டிவிட்டு, மாமா அதை அலசிக் கொடியில் போட்டு வைப்பார். அலசி வைத்ததற்கு யாராவது பாராட்ட வேண்டும் என்றும் எதிர்பார்ப்பார்.

"ஏன்டா, இது எப்பத்தான்டா முடியும்?" என்று அம்மா கேட்டால், "சாமி வாகனம் மாதிரிக்கா. ஜோடிக்க நாளாவும்" என்பார்.

"சாமி வாகனத்தத் தூக்க ஆள் இருக்கு. இந்த இரும்பை யார்டா தூக்கிக்கிட்டுப் போய்க் கொட்டறது?"

சட்டம் கொஞ்சம் கோணலாக அமைந்துவிட்டதால் வண்டி நேராக நிற்க மறுத்தது. பக்கத்தில் இன்னொரு சக்கரம் வைத்தால் நிமிர்ந்துகொள்ளும் என்று மாமா முடிவு செய்தார். ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிடைத்தது. சக்கரம் வைத்த பிறகு அதன் மேல் ஓர் ஆள் உட்காரவும் இடம் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பேப்பர் படிக்க உட்காரப் போனபோது அவருடைய பிரம்பு நாற்காலி இல்லை. கால்கள் அறுபட்டு, கம்பியும் கயிறுமாகக் கட்டப்பட்டு, அது மோட்டார் சைக்கிளின் இடது பக்கத்தில் இருந்தது. அப்பா கத்தவில்லை. குனிந்து ஒவ்வொரு முடிச்சையும் விரலால் அழுத்திப் பார்த்தார். "இது கொஞ்சம் லூசா இருக்கு" என்று சொல்லி, அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

அதுதான் அப்பா. தாலுகா ஆபீசில் குமாஸ்தா. கிணற்றுத் தண்ணீரை இரண்டு தரம் காய்ச்சச் சொல்வார். தெருவைக் கடக்க இரு பக்கமும் பார்த்துவிட்டு, முதலில் பார்த்த பக்கத்தை மறுபடியும் பார்ப்பார். அவர் இருக்கிற இடத்தில் எதுவும் ஆகாது என்று நான் நம்பினேன். அவரும் நம்பினார் என்று நினைக்கிறேன்.

ஆகவே வண்டியை ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தபோது, எப்படி ஓட்டுவது என்பதை அப்பாதான் தீர்மானித்தார். வேலூர் ரோடு கூடாது, பஸ் வரும். ஊருக்குள் கூடாது, ஜனங்கள். மலை சுற்றுகிற பாதைதான் சரி. அன்றைக்குச் சனிப் பிரதோஷம். ஊரே கோயிலில் இருக்கும், பாதை காலியாக இருக்கும். அம்மாவும் கோயிலுக்குப் போயிருப்பாள். அதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதோடு, அந்த வண்டியை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. மலையைச் சுற்றினால் திருப்பவே வேண்டாம், தானாக வீட்டுக்கு வந்துவிடும்.

மாமாவுக்கு அதில் ஒரே ஒரு ஆட்சேபம் இருந்தது.

"இடமா சுத்திட்டு வரேன், அத்தான். தள்ளுவண்டிச் சக்கரம் புடிச்சு இழுக்குது, வண்டி இடது பக்கமே போவுது. இடமாப் போனா மலையும் அந்தப் பக்கம் இருக்கும், ரோடும் அந்தப் பக்கமே வளையும். சொகமாப் போவலாம். வலமாப் போனா வளைவுக்கு வளைவு வயக்காட்டுல கொண்டுபோய் வுடப் பாக்கும்."

"மலைய இடமா சுத்தறதாவது! இந்த வீட்லேர்ந்து கிளம்பற வண்டி வலமாத்தான் போகணும். கெட்டியாப் பிடிச்சு ஓட்டு."

மாமா தலையைச் சொறிந்தார்.  மாமாவின் வேகத்தின் மேல் அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். தூக்கி அந்த நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பைச் சுற்றித் துண்டைக் கட்டினார்.

"இவ எதுக்கு, அத்தான்?" என்றார் மாமா.

"குழந்தை கூட இருந்தா மெதுவா ஓட்டுவே."

இந்த ஒரு வாக்கியத்தை நான் நாற்பது வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். என் மகன் ஸ்கூட்டர் சாவியை எடுக்கும்போதெல்லாம் "தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுப் போ" என்று என் வாய் வரைக்கும் வரும். அவள் பின்னால் இருந்தால் அவன் பறக்க மாட்டான் என்று ஒரு கணக்கு. போன மாதம் ஒரு நாள் அதைச் சொல்லியே விட்டேன். இரண்டு பேரும் போன பிறகு சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் திரும்பி வந்த சத்தம் கேட்கும்வரை அந்தக் கை சுவரை விடவில்லை.

மாமா உண்மையிலேயே மெதுவாகத்தான் ஓட்டினார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, பாதை வலது பக்கம் வளைய ஆரம்பித்ததும் வண்டி இடது பக்கம் இழுத்தது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பிப் பிடித்தார். முதல் வளைவில் சிரித்துக்கொண்டே, "அடங்காத மாடு இது" என்றார். இரண்டாவதில் சிரிக்கவில்லை. மூன்றாவதில், "என் பக்கமா சாஞ்சுக்கோ, நல்லா சாஞ்சுக்கோ" என்று கத்தினார். நான் சாய்ந்தேன். எனக்கு எல்லாம் விளையாட்டாக இருந்தது.

அடி அண்ணாமலைக்கு இப்பால் ஒரு வளைவில் எதிரே வைக்கோல் வண்டி வந்தது. அதற்கு ஒதுங்க மாமா கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்க வேண்டும். அவ்வளவுதான், மோட்டார் சைக்கிள் தன் இஷ்டத்துக்குப் போயிற்று. பாதையை விட்டு இறங்கி, முள்வேலியைப் பிய்த்துக்கொண்டு வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குள் ஓடியது. கொல்லையின் நடுவே கிணறு இருந்தது. எங்கள் பக்கத்துக் கொல்லைக் கிணறுகளுக்குச் சுவர் கிடையாது. தரை முடிகிற இடத்தில் கிணறு ஆரம்பிக்கும்.

தள்ளுவண்டிச் சக்கரம் விளிம்பைத் தாண்டியது. வண்டியின் அடிவயிறு மண்மேட்டில் முட்டி நின்றது. நான் நாற்காலியோடு வெளியே தொங்கினேன்.

மாமா எப்போது குதித்தார் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது வண்டியின் பின்பக்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றிக் கிடந்தார். "அசையாதடா கண்ணு. மூச்சு மட்டும் விடு" என்றார். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றின் மேல் சாய்ந்த கிளையில் ஒரு குருவிக்கூடு, என் கண்ணுக்கு நேராக, என்னைப் போலவே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கீழே பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். பார்த்தேன். அந்தப் பச்சைத் தண்ணீரை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியும், விவரிக்கப் போவதில்லை.

கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடி வந்தாள். மண்ணில் குப்புறப் படுத்து எட்டி, களைக்கொட்டால் துண்டை அறுத்து, ஒரு கையால் என் சடையையும் மறு கையால் பாவாடை இடுப்பையும் பற்றி ஒரே இழுப்பாக இழுத்துக் கொல்லையில் போட்டாள். அதன் பிறகுதான் மாமா கையை விட்டார். முதலில் நாற்காலி போனது, அதன் பின்னே பதினான்கு மாதமும் போயிற்று. தண்ணீருக்குள்ளும் எஞ்சின் ஒரு தரம் இருமியது போல எனக்குக் கேட்டது.

"இன்னா மன்சன்யா நீ?" என்றாள் அந்த அம்மாள், மூச்சு வாங்க. "கொயந்தயக் கட்டி இட்டாந்து தள்றதுக்கு எங்க கெணறுதான் கெடச்சுதா? உங்க ஊர்ல கெணறு இல்லியா?"

மாமா கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி எவ்ளோ ஆழம்மா?"

"எறங்கிப் பாரேன், தெரியும்!" என்று சொன்னவள் அப்போதுதான் அவர் கையைக் கவனித்தாள். முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் வழன்றிருந்தது. சூடேறிய புகைக்குழாயின் மேல் கையை வைத்துத்தான் அத்தனை நேரமும் வண்டியைப் பிடித்திருக்கிறார். "அடப் பாவி, இத்த வுட்டுட்டு வேற எடத்துல புடிக்கக் கூடாதா?"

"மாத்திப் புடிச்சிருந்தா இவ போயிருப்பாம்மா."

அவள் போய்ச் சோற்றுக்கற்றாழையை ஒடித்துக்கொண்டு வந்து சதையை வழித்துத் தடவினாள். அவள் புருஷன் சைக்கிளில் ஏறி எங்கள் தெருவுக்குச் சொல்லப் போனான்.

ஆறு மணி வாக்கில் அப்பா சைக்கிளில் வந்தார். இறங்கினார், சைக்கிளை நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு விழுந்தது. அந்த அம்மாள் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அப்பா கிணற்று விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். என் விரல்களை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். பிறகு மண்டியிட்டு, என் பாவாடையில் தைத்திருந்த வேலி முட்களைப் பிடுங்க ஆரம்பித்தார். முள் அவர் விரலுக்கு அகப்படவே இல்லை. திரும்பத் திரும்ப ஒரே முள்ளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மெதுவாத்தான் ஓட்டினேன், அத்தான்" என்றார் மாமா.

"தெரியும்" என்றார் அப்பா.

கடைசியாக வந்தது அம்மா. கோயிலிலிருந்து வீடு திரும்பியவளிடம் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஜட்கா பிடித்துக்கொண்டு வந்தாள், பிரசாத விபூதிப் பொட்டலம் இன்னும் கையிலேயே இருந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள், கிள்ளினாள், மறுபடியும் கட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று கேட்டாள்:

"இவள யார் அதுல ஏத்தினது?"

அப்பா இன்னொரு முள்ளைத் தேடிக் குனிந்தார். 

"நான்தான்க்கா" என்றார் மாமா. அப்பா இருந்த பக்கம் அவர் பார்க்கவே இல்லை. "நானும் வரேன்னு ஒரே அழுகை. அத்தான் வாணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்காம ஏத்திக்கினேன்."

அம்மா அவரை முதுகில் அறைந்தாள், இரண்டு தரம், மூன்று தரம். அப்பா விழுந்து கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அழவே இல்லம்மா" என்றேன். "வாய மூடு" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கிணற்றின் மேல் தொங்கியபோதுகூட நான் அழவில்லை. பொய் சொன்னால் என்னை முட்டி போட வைக்கிற அப்பா, மாமா சொன்ன அத்தனை பெரிய பொய்யைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார். ஜட்காவில் மாமா என் பக்கத்தில் உட்கார வந்தபோது நான் நகர்ந்து அம்மாவின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். வீடு வந்து சேரும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.