ஐந்து ஆம்பியர்

பட்டறையில் அவனைப் ‘பத்தவெச்சான்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிகளுக்கு ஒயரிங் செய்வது அவன் தொழில். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சுற்றுலா வேனில், லேப்டாப் சார்ஜ் போட பேட்டரியிலிருந்து இழுத்த ஒயர் சூடேறி, சீட்டும் லேப்டாப்பும் கருகிப்போயின. நடுவில் ஃப்யூஸே இல்லை. தொழில் பாஷையில் அதற்கு ‘டைரக்ட்’ என்று பெயர்.

அந்த ஒயரை இழுத்தவன் இவன் பெண்டாட்டியின் அண்ணன்; அப்போது அவனுக்கும் இதே பட்டறையில்தான் வேலை. முதலாளி விசாரித்தபோது மச்சான் வாய் கூசாமல் இவனைக் கைகாட்டினான். அன்றிலிருந்து இவன் முறுக்கிய ஒவ்வொரு ஒயரையும் முதலாளி இழுத்துப் பார்த்த பிறகுதான் வண்டி வெளியே போகும். “எங்கண்ணன் அப்படிச் செய்யாது” என்று வீட்டில் பெண்டாட்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிறு எரியாதா?

மச்சான் பிறகு தொழில் மாறினான். பைக் பந்தயங்களைப் படமெடுத்து, வேனில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பில் வெட்டி ஒட்டி, அன்றைக்கே அனுப்புகிற வேலை. போன வாரம் அந்த வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“மாப்ள, வண்டி ஓடும்போதே லேப்டாப் சார்ஜ் ஏறணும். ஃப்யூஸு கீஸுன்னு இழுத்துக்கிட்டு இருக்காத. டைரக்டா குடுத்துடு.”

வெட்கமே இல்லாமல் அதே வார்த்தை! கேட்டதையே கொடுத்துவிடலாமா என்று இவனுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் எரிந்தால் நாறப்போவது மறுபடியும் இவன் பெயர். நல்ல இன்வெர்ட்டர், தடிமனான ஒயர், எல்லாம் ஒழுங்காகப் போட்டான். பதினைந்து ஆம்பியர் ஃப்யூஸ் போட வேண்டிய இடத்தில் மட்டும் ஐந்தைச் செருகினான். லேப்டாப் சும்மா இருந்தால் தாங்கும், படம் வெட்ட ஆரம்பித்தால் ஃப்யூஸ் போய்விடும். கையில் கொடுத்த மூன்று மாற்று ஃப்யூஸும் ஐந்துதான். ஃப்யூஸையே மதிக்காதவன் அதிலுள்ள நம்பரையா பார்க்கப்போகிறான்?

பந்தயத்தன்று மத்தியானம் போன் வந்தது. இரண்டு தடவை அடித்து ஓயவிட்டான். மூன்றாவது தடவை ஸ்பீக்கரில் போட்டு, முதலாளி முன்னால் வைத்தான்.

“மாப்ள, நாலு ஃப்யூஸும் போச்சு! இங்க கடையும் இல்ல. லேப்டாப்புல நாலு பர்சென்ட்தான் இருக்கு. நான் டைரக்டா போட்டுக்கறேன், எந்த ஒயர்னு சொல்லு!”

“தெரியாத மாதிரி கேக்கறீங்களே மச்சான். அந்த டூரிஸ்ட் வேன்ல எப்படிப் போட்டீங்க?”

“அதை ஏன்யா இப்ப கிளறுற? ஆமா, நான்தான் போட்டேன்! இப்ப ஒயரைச் சொல்லித் தொலை!”

முதலாளி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இவனையே பார்த்தார். இவனுக்கு உள்ளெல்லாம் குளிர்ந்துபோனது. நாலு பர்சென்ட் மூன்றாகட்டும் என்று நிதானமாக ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான்.

“டேஷ்போர்டுக்கு அடியில கைய விடுங்க. பதினஞ்சு ஆம்பியர் ஃப்யூஸ் ஒண்ணு டேப் போட்டு ஒட்டியிருக்கேன்.”

“அடப்பாவி, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“உங்களுக்கு மூணு வருஷம் ஆச்சு மச்சான். எனக்கு ஒரு வாரம் ஆகக்கூடாதா?”