அத்தர் பூசிக்கொண்டு நடக்கப் போனவர்

போன வருடம், மாரி மழை ஓய்ந்து வயல்களில் கதிர் பால் பிடித்திருந்த நாட்களில் கல்முனைக்குடியில் நடந்தது இது. எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். முற்றத்தில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். ஆனால் நான் கடலைப் போய்ப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. ஐம்பதை நெருங்கிவிட்ட, சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் முழங்கால் வலியும் உள்ள ஒரு பெண்ணுக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் டொக்டர் நடக்கச் சொல்வார். மாட்டிறைச்சியை விட்டுக் கீரை, காய்கறி, பருப்பு என்று சாப்பிடச் சொல்வார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வரும் வழியிலேயே இறைச்சிக்கடையில் நிற்பேன். என் உம்மாவின் ஒரு காலைச் சீனி வருத்தம்தான் கொண்டுபோனது. அதைப் பற்றி நாங்கள் வீட்டில் கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் வராது என்று நினைத்தேனோ என்னவோ.

என் கணவர் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கிறார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு இருவருமாகக் கடற்கரையில் நடந்து வருவோம் என்று என்னைக் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டார். ஊர் என்ன சொல்லும், என் முழங்காலை யார் தூக்கி வைப்பது, காலைச் சாப்பாட்டை யார் செய்வது என்று ஒன்றுக்கு நாலு சாட்டு வைத்திருந்தேன். ஒருநாள் எரிச்சலில், சும்மா நடப்பதும் பச்சை இலை தின்பதும் மாடு செய்கிற வேலை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை.

கேட்காமல் விட்டவர், தனியாக நடக்கத் தொடங்கினார்.

முதலில் நான் கணக்கெடுக்கவில்லை. இரண்டு நாளில் அலுத்துவிடும் என்று இருந்தேன். அலுக்கவில்லை. மோட்டார் சைக்கிளை மூடி வைத்துவிட்டுக் கடைக்குச் சைக்கிளில் போனார். சாமான் வாங்க, பன்புல்லில் இழைத்த ஒரு பன்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். யாராவது பிளாஸ்டிக் சொப்பிங் பேக் நீட்டினால் வேண்டாம் என்றார். இறைச்சியைக் கையால் தொடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து மாட்டிறைச்சிக் கறி இல்லாமல் சோறு சாப்பிட்ட ஆம்பிளையை எங்கள் ஒழுங்கையில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. இறைச்சிக்கடைக்காரர், வீட்டில் யாருக்கும் வருத்தமா என்று ஆள்விட்டுக் கேட்டார்.

இதெல்லாம் பரவாயில்லை. ஒருநாள் காலை, புதுச் சப்பாத்தும் மருதோன்றி போட்டுச் சிவந்த தாடியுமாகக் கண்ணாடி முன்னால் நின்று அத்தர் பூசிக்கொண்டிருந்தார். வியர்வை சிந்தி நடக்கப் போகிறவருக்கு அத்தர் எதற்கு? படுக்கையில் கிடந்த எனக்கு அந்த வாசம் மூக்கில் ஏறியதும் தூக்கம் ஓடிவிட்டது.

பக்கத்து வீட்டில் என் மூத்த சகோதரி, ராத்தா இருக்கிறாள். ஒரே வளவை இரண்டாகப் பிரித்து, வாப்பா எங்கள் இருவருக்கும் கட்டித் தந்த வீடுகள். அவர் மெலிந்துபோனதையும் அத்தர் பூசுவதையும் நான் அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"இஞ்ச பாரு புள்ள, அம்பது வயசில ஒரு ஆம்புள மெலிஞ்சா ஒண்டில் சீனி வருத்தம், இல்லாட்டி கலியாணம்."

சீனி வருத்தம் எனக்குத்தான். அவருக்கு இல்லை. அப்படியென்றால் மிச்சம் என்ன?

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கலியாணம் முடித்தால் வீடு மாறுவது பெண் இல்லை, ஆண். வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வருவார். அப்படி வந்தவருக்கு அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போவது பெரிய வேலையில்லை. என்னை யாரும் வீட்டை விட்டுத் துரத்த முடியாது. ஆனால் அவர் போய்விட்டால் அந்த வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? 

மறுநாள் அவர் வாசல் படலையைச் சாத்தியதும் நான் அபாயாவை மாட்டிக்கொண்டு பின்னால் இறங்கினேன்.

முதல் நாள் ஒழுங்கை முடியும்வரைதான் போக முடிந்தது. மூச்சு வாங்கி ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் மணல்வரை. அதற்கடுத்த நாட்களில் கரையில் இழுத்து வைத்திருந்த தோணிகள்வரை. தோணிக்குத் தோணி ஒளிந்து ஒளிந்து போவேன். விடிந்து வெளித்துப்போன வெறும் மணலில், கறுப்பு அபாயா போட்ட, பருத்த ஒரு பெண் ஒளிந்து போவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வலை இழுக்கிற ஆட்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்கு ஒருவர் பார்வையும் உறைக்கவில்லை. காற்றில் வரும் அத்தர் வாசம் ஒன்றுதான் உறைத்தது.

அவர் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை அவ்வளவுக்கு மறந்துவிட்டார் என்று அதற்கும் ஒரு கோபம். ஆனால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போனார். எனக்கும் போகத்தான் வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் கடற்கரையை விட்டு மேற்கே திரும்பினார். பஜாரைக் கடந்து, நற்பிட்டிமுனைப் பக்கம், வயல் தொடங்குகிற இடம்வரை போனார். அங்கே வாய்க்கால் ஓரமாக ஒரு கீரைத் தோட்டம் இருந்தது. அதற்குள் ஒரு பெண் குனிந்து கீரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒட்டிய வயிறு, நிமிர்ந்த முதுகு. என் கணவர் வரம்பில் உட்கார்ந்து அவளோடு சிரித்துக் கதைக்கத் தொடங்கினார். வீட்டில் பத்து வார்த்தை பேசாதவர் அங்கே அரைமணி நேரம் கதைத்தார்.

நான் தோட்டத்துக்கு எதிரே நின்ற ஒரு வாகை மரத்தின் பின்னால் வேரில் குந்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். அவர் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சில் உலை கொதித்தது.

திரும்பும்போது அவர் சந்தித் தேத்தண்ணிக்கடையில் நின்றார். நான் குறுக்கு ஒழுங்கையால் விரைந்து வந்து, அடுப்படியில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றேன். பன்பையிலிருந்து ஒரு பிடி பொன்னாங்காணியை எடுத்து வைத்தார். வாழைநாரால் கட்டியிருந்தது. அந்த முடிச்சைப் பார்த்தேன். மணப்பெண்ணுக்குப் பூக் கட்டுகிற மாதிரிப் பக்குவமாகக் கட்டியிருந்தாள். அந்த முடிச்சின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது. கத்தியை எடுத்து அறுத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே வழி, அதே வாகை மரம், அதே சிரிப்பு. கேட்டுவிடலாம்தான். ஆனால் கேட்டு, அவர் ஓம் என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

அவள் கட்டிய கீரையை நான் சமைத்து, அதை இவர் ருசித்துச் சாப்பிடுவதா? வளவின் பின்பக்கம் உம்மா காலத்திலிருந்து சும்மா கிடந்த நிலத்தைக் கொத்தினேன். மீன் கழுவிய தண்ணீர், காய்கறித் தோல், தேயிலைச் சக்கை எல்லாவற்றையும் குழி தோண்டிப் போட்டுப் பசளையாக்கினேன். முளைக்கீரை, வல்லாரை, பசளிக்கொடி என்று போட்டேன். என் கீரை வந்ததும் அவள் கீரையை ராத்தா வீட்டு ஆட்டுக்கு வைத்தேன். என் கீரையையும் அவருக்கு மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. அவர் இன்னும் மெலிந்தால் இன்னும் இளமையாகிவிடுவாரே! அதனால் பாதியை நானே சாப்பிட்டேன். இளம் பிலாக்காயை இறைச்சிக்குப் போடுகிற சரக்கெல்லாம் போட்டு ஆக்கினேன். வாழைப்பூ வறை, முருங்கையிலைச் சுண்டல், குரக்கன் ரொட்டி என்று தினமும் ஒன்று. சும்மா கீரை விற்கிற ஒருத்தியிடம் தோற்றுப்போக நான் ஆளில்லை. எப்போது இறைச்சியை மறந்தேன் என்பது எனக்கே ஞாபகமில்லை.

வயலில் வெள்ளாண்மை வெட்டி முடிந்து, அடுத்த போகத்துக்கு விதைத்த காலத்தில் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் என் இரத்தப் பரிசோதனையைத் திரும்பவும் ஒருதரம் பார்த்தார். சீனி நன்றாக இறங்கியிருக்கிறதென்றும், உடம்பு நிறையும் குறைந்திருக்கிறதென்றும், ஒரு மருந்துக் குளிசையை நிறுத்திவிடலாமென்றும் சொன்னார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். புருஷனை உளவு பார்த்தேன் என்றா சொல்வது? கொஞ்சம் நடந்தேன் என்று மட்டும் சொன்னேன். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த என் கணவரிடம் சொன்னபோது அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றுவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் மெலிந்ததுகூட இவருக்குச் சந்தோஷமில்லை என்று நினைத்தேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். உடம்பில் கொஞ்சம் பலம் வந்திருந்தது. இனி மரத்துக்குப் பின்னால் நிற்பதில்லை. கேட்க வேண்டியதை அவளிடமே கேட்டுவிடுவது.

மறுநாள் அவர் கதைத்து முடித்து, கீரையை வாங்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தேன். போனதும் வெளியே வந்து நேரே வரம்பால் நடந்தேன். கேட்பதற்கென்று இரவெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்கள் வாய் நிறைய இருந்தன. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பயப்படவில்லை. கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வாங்க அக்கா, இண்டைக்காவது வந்தீங்களே. ஒவ்வொரு நாளும் அந்த மரத்துக்குப் பின்னால குந்தியிருந்திட்டுப் போறீங்க. கூப்பிடுவம் எண்டா அவர் வேணாம் எண்டுவார்."

 நான் இருப்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமலா? முதல் நாள் தொட்டுத் தெரியும். எனக்கு வேலை கிடக்கு, நிண்டு கதைக்க நேரமில்லை. அவர்தான், இன்னும் கொஞ்ச நேரம் கதைங்க தங்கச்சி, பின்னால வாறவ மூச்சு வாங்கி முடியட்டும் எண்டு சொல்லுவார்."

நான் அப்படியே வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மிச்சத்தையும் சொன்னாள். நான் குறுக்கு வழியால் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் அவர் தேத்தண்ணிக்கடையில் நிற்கிறாராம். நான் களைத்திருக்கிற நாளில் மெதுவாகவும், நன்றாக நடக்கிற நாளில் கொஞ்சம் தூரமாகவும் போவாராம். திரும்பிப் பார்த்தால் நான் வெட்கத்தில் நடையை நிறுத்திவிடுவேன் என்பதால் ஒருநாளும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். மருதோன்றி, அத்தர் எல்லாம் என்னை எழுப்பத்தானாம். கெஞ்சினால் வரமாட்டாள், சந்தேகப்பட்டால் வருவாள் என்று சொல்லிச் சிரிப்பாராம்.

 பிறகு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"முந்தி ஒருக்கா டொக்டர் அவரைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவராம், இப்பிடியே போனா உங்கட காலுக்கு ஆபத்து எண்டு. உங்கட உம்மாட கால் மாதிரி ஆயிருமோ எண்டு, இந்த இடத்தில குந்தியிருந்து ஒருநாள் அழுதவர்."

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்கிறேன். அவர் அழுது நான் கண்டதில்லை. அவருடைய உம்மா மௌத்தானபோதுகூட என் முன்னால் அழவில்லை. அவர் நடந்தது, இலை தின்றது, ஊரெல்லாம் சிரிக்கத் தாடியைச் சிவப்பாக்கியது எல்லாம் எனக்காக என்று தெரிந்த அந்த நேரத்திலும், அந்தக் கண்ணீரை இவள் பார்த்திருக்கிறாளே என்றுதான் மனம் புகைந்தது. அதுவரை பட்டது பொய்ப் பொறாமை, இது நிஜமானது.

வீட்டுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னமே வந்து, என் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இல்லாததைப் பார்த்திருப்பார்.   வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நாளைக்கு அத்தர் பூசத் தேவையில்லை, நானும் கூடத்தான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"பூசினாத்தானே நீ வேகமா வாறாய்" என்றார்.

இப்போது இருவரும் ஒன்றாகத்தான் நடக்கிறோம். ராத்தாவும் சில நாட்களில் வருகிறாள். கீரைக்காரப் பெண்ணிடம் பொன்னாங்காணி வாங்குகிறேன், ஆட்டுக்கு வைப்பதில்லை. முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் அதை நான் நினைப்பது குறைந்துவிட்டது. எப்படி மெலிந்தாய் என்று கேட்கிற பெண்களுக்கு நான் உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதால் கீரை என்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

அந்தப் பொறாமை மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. கடற்கரையில் அவர் எதையோ சொல்ல வாயெடுப்பதும், பிறகு கடலைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவதும் எனக்குத் தெரிகிறது. அழுவதற்கு ஒரு வயல் வரம்பைத் தேடிப் போகும்படி, மாட்டு வேலை என்று எரிந்து விழுந்த என் வாயாலேயே அவரை நான் வைத்திருந்திருக்கிறேன். அதனால் வேகமாக நடக்கிற பலம் வந்த பிறகும், அவருக்குக் கதைக்க நேரம் கிடைக்கட்டும் என்று இப்போது நான் மெதுவாகவே நடக்கிறேன்.