மூன்றாவது சுற்றில் நொண்டும் கார்

அத்தை எந்த இயந்திரத்தின் அருகே போனாலும் முதலில் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, பேருந்து ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் என்ஜின் மூடி, என் கைபேசி, எதுவும் தப்பாது. சிறுவயதில் எனக்குக் காய்ச்சல் என்றாலும் நெற்றியில் புறங்கைதான். "உள்ளங்கை பொய் சொல்லும்டி" என்பார். இருபத்திரண்டு வருடங்களாக மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் கொதிக்கக் கொதிக்கப் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து, அவருடைய உள்ளங்கைக்குச் சூடு உறைப்பதே இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. படித்தது வணிகவியல். ஆனால் பட்டம் வாங்கிய மறுநாளிலிருந்து சுவிட்ச் போர்டு முதல் கம்ப்யூட்டர் வரை எல்லாச் சந்தேகமும் என்னிடம்தான் வரும். அத்தை என்னைக் கூப்பிடுவதே 'பட்டதாரி' என்றுதான். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால், இத்தனை வருடம் இவள் என்னதான் படித்தாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

வேலை கிடைத்ததும் என் கல்லூரி லேப்டாப்பை அத்தையிடம் கொடுத்தேன். படம் பார்க்கத்தான் கொடுத்தேன். அவரோ அதில் நான் நீக்காமல் விட்டிருந்த கார் பந்தய விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர், ஆறு மாதத்தில் மலைப்பாதைத் தடத்தில் என்னை ஒரு முழுச் சுற்று முந்தினார். அடுத்த வருடம் இணையத்தில் ஓர் அணியில் சேர்ந்துகொண்டார். மூன்று பேர் அணி. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் கேப்டன், கீச்சுக்குரலால் 'கொசு' என்று பெயர் வாங்கிய ஒரு பல் ஆஸ்பத்திரி ஊழியன், அப்புறம் அத்தை. அங்கே அத்தைக்குப் பெயர் 'இஸ்திரி'. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஹெட்போன் வழியாகத்தான் பேச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை கேப்டன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இஸ்திரி அக்கா, கோவிச்சுக்காதீங்க. மூணு பந்தயமா உங்க கார் நடுவழியில நின்னு நின்னு வருது. பின்னாடி வர்ற நம்ம ஆளே உங்கமேல மோதுறான். சனிக்கிழமையும் அப்படி ஆச்சுன்னா, நான் வேற ஆளைத்தான் சேர்க்கணும்."

அத்தை ஹெட்போனைக் கழற்றி வைத்தார். சாப்பிட வரவில்லை.

"ஒரு விளையாட்டுக்காகவா சோறு வேணாங்கிற?" என்றார் மாமா.

"உங்களுக்கு என்ன தெரியும்? சலவைக்கூடத்துல எனக்குப் பேரே கிடையாது. 'பெட்ஷீட் எங்க, துண்டு எங்க', அவ்வளவுதான். இங்க ரெண்டு பேர் என்னை நம்பி வளைவுல திரும்புறாங்க."

மாமா வாயை மூடிக்கொண்டார். நான்தான் திறந்தேன்.

"லேப்டாப்ல கிராஃபிக்ஸ் கார்டு பழசு அத்தை. அதை மாத்தினா கார் பறக்கும்."

"மாத்த முடியுமாடி?"

"ஏன் முடியாது?"

எங்கேயோ படித்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன். என் அலுவலகத்தில் ஒருவர் பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து கார்டை வாங்கி வந்தேன். செங்கல் போலக் கனம், மேலே இரண்டு விசிறி. அத்தை அதை லேப்டாப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏ பட்டதாரி, இது லேப்டாப்பைவிடத் தடியா இருக்கே?"

"உள்ள போனா சரியாயிடும் அத்தை."

இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டையும் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் கார்டைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பானைக்குள்ள யானையை ஏத்தச் சொல்றீங்களேம்மா! இது மேசைமேல வைக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு உள்ளது. உங்க லேப்டாப்புல இந்தக் கார்டு செய்யுற வேலைக்கு ஒரு சின்னச் சில்லை போர்டோடவே பத்தவச்சிருக்காங்க. மாத்தவே முடியாது."

எனக்குத் தலை நிமிரவில்லை. அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. அது திட்டுவதைவிட மோசம். கடைக்காரர்தான் அத்தையிடம் கேட்டார்.

"ஆரம்பத்துலேயே நிக்குதா, போகப் போகவா?"

"முதல் ரெண்டு சுத்து குதிரை மாதிரி ஓடும். மூணாவதுல நொண்டும்."

"அப்ப உள்ள சூடேறித் திணறுதுபோல. திறந்து பார்க்கணும். வச்சிட்டுப் போங்க, திங்கள்கிழமை பார்க்கிறேன்."

அத்தை லேப்டாப்பின் அடிப்பக்கம் புறங்கையை வைத்தார். பிறகு திடீரென்று சிரித்தார்.

"அட, இது எங்க டிரையர்! காலையில முறுமுறுன்னு காயவைக்கும், மத்தியானம் ஈரத்துணியைத் துப்பும். சூப்பர்வைசர் புது மெஷின் வாங்கணும்னு குதிப்பாரு. நான் பஞ்சு வலையைக் கழட்டி ஊதிவிடுவேன். அவ்வளவுதான் விஷயம். நாளைக்கே பந்தயம், திங்கள் வரைக்கும் தாங்காது; இதையும் நானே திறந்து ஊதிக்கிறேன்."

மூன்றாவது சுற்றில்தான் நொண்டுகிறது என்று அத்தை எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லி முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். கடைக்காரர் கேட்ட அந்த ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை. கேள்வி கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேன் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கடைக்காரர் கார்டை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு சின்னத் திருப்புளி, சூட்டைக் கடத்தச் சில்லுக்குமேல் தடவும் பசை, லேப்டாப்பை வைக்க விசிறி பொருத்திய தாங்கி, இவ்வளவும் கொடுத்தார். "பசை அரிசியளவு போதும். ஊதும்போது விசிறி சுத்தாமப் பிடிச்சுக்குங்க" என்று எச்சரித்தும் அனுப்பினார்.

சனிக்கிழமை மதிய இடைவேளையில் சலவைக்கூடத்தின் மடிப்பு மேசைமேல் வெள்ளை விரிப்பைப் போட்டு, லேப்டாப்பைக் குப்புறக் கிடத்தினோம். அத்தை ஒவ்வொரு திருகாணியாகக் கழற்ற, நான் காகிதத்தில் லேப்டாப்பை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் வைத்தேன். மூடி திறந்தது. விசிறிக்குப் பின்னால் காற்று வெளியேறும் கம்பி வரிசையில் சாம்பல் நிறத்தில் ஒரு துணியே நெய்திருந்தது.

"எத்தனை போர்வை உள்ள போயிருக்கு பாருடி!"

அத்தை லேப்டாப்பை எப்போதும் மடித்த போர்வைமேல்தான் வைப்பார். 'பாவம், மெத்துன்னு இருக்கட்டும்' என்பார். காற்று இழுக்கும் துளை அடிப்பக்கம் இருந்தது. அந்தப் போர்வையைத் தினமும் பார்த்தவள் நான்.

அத்தை பஞ்சை இடுக்கியால் உரித்தெடுத்தார். நான் விசிறியைப் பல்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ள, டிரையர் வலையை ஊதும் காற்றுக்குழாயால் தூரத்தில் நின்று ஊதினார். சில்லுக்குமேல் காய்ந்து உதிர்ந்த பழைய பசையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, புதிதை அரிசியளவு வைத்தார். எட்டிப் பார்த்த சூப்பர்வைசர், "என்னம்மா, ஆபரேஷனா?" என்றார்.

"ஆமா சார். மூச்சுத்திணறல் கேஸ்."

மாலை ஆறு மணிக்குப் பந்தயம். லேப்டாப் தாங்கிமேல் இருந்தது, போர்வை பீரோவுக்குள். மாமா, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருப்பது தெரியாமல், அதன் விளிம்புக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சுற்று, இரண்டாவது சுற்று. மூன்றாவது தொடங்கியதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கார் நிற்கவில்லை. பாலத்தில் நிற்கவில்லை, கொண்டை ஊசி வளைவில் நிற்கவில்லை. நான்காவதில் அத்தை முதலிடத்துக்கு வந்துவிட்டார்.

"ஓடுதுடி! ஓடுதுடி பட்டதாரி!"

கடைசிச் சுற்றில் எதிரணியின் சிவப்புக் கார் வால் பிடித்தாற்போல் நெருங்கியது. இரண்டு வளைவு மிச்சம். ஹெட்போனுக்கு வெளியேயும் கேட்கும்படி கொசு கத்தினான்: "அக்கா, திரும்பிப் பாக்காம போங்க! இவனை நான் பாத்துக்கிறேன்!" தன் காரைச் சிவப்புக் காருக்குக் குறுக்கே விட்டு, அதோடு சேர்ந்து பள்ளத்தில் உருண்டான். அத்தை முதலாவதாக வந்தார். கொசு கடைசி.

மாமா செய்தித்தாளை மேலே தூக்கி எறிந்தார். கேப்டன், "இஸ்திரி அக்கா, உங்க இடத்துக்கு வேற ஆளா? யாரு சொன்னது?" என்று நாக்கூசாமல் கேட்டார். அத்தைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கொசுத் தம்பி, நீ மட்டும் இல்லேன்னா நான் காலி. உனக்கு நான் கடன்பட்டிருக்கேன். அடுத்த வாரம் நீ முன்னால போ. உன் பின்னால நான் மதில்சுவர் மாதிரி மறிச்சு நிக்கிறேன்."

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு வாரமும் மறிப்பதாகச் சொல்லித்தான் அத்தை உட்காருகிறார். "முன்னால காலி ரோட்டைப் பாத்துட்டா விரல் கேக்க மாட்டேங்குதுடி" என்று பிறகு என்னிடம் முனகுகிறார். போன சனிக்கிழமையும் கொசு கேட்டான்.

"அக்கா, இன்னைக்காவது என் முறையா?"

"சத்தியமா தம்பி, இன்னைக்கு உன் பின்னாலதான்" என்றார் அத்தை. இரண்டாவது வளைவில் அவனை முந்திவிட்டார்.