ஊசிப் படம்

நான் எதையும் லேசில் மறக்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசித்து முடித்த பிறகு, இந்த மனிசிக்கு இவ்வளவு வன்மமா என்று யாரும் கேட்கக்கூடாது. வன்மம்தான். இன்னும் இருக்கிறது.

பிறந்தது யாழ்ப்பாணம். கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு மாற்றலாகி வந்து, ஓய்வு பெற்றும் திரும்பிப் போகாமல் கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குக் கிட்டவே இருந்துவிட்டேன். ஓய்வு பெற்ற கையோடு புதுத் தையல் மெஷின் ஒன்று வாங்கினேன். அதுவரை கையால் சில்லுச் சுற்றும் பழைய மெஷினில்தான் தைத்திருந்தேன். புதியது மின்சாரத்தில் ஓடுவது. பெட்டிக்குள் ஒரு தடித்த புத்தகமும் இருந்தது. விரித்துப் பார்த்தால் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை சீன எழுத்து. அதைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டேன்.

அந்த நேரம்தான் மகளின் கலியாணம் சரிவந்தது. எங்கள் பக்கத்தில் தாலி கட்டும்போது பெண் உடுப்பது மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தரும் கூறைச் சேலை. அந்தச் சேலையோடு ஒட்டிவரும் சட்டைத் துணியை மட்டும் அவர்கள் முன்கூட்டியே வெட்டி அனுப்பியிருந்தார்கள். அரக்குச் சிவப்பில் ஓரமெல்லாம் சரிகை. சேலையோடு நெய்த துணி, அதே மாதிரி இன்னொன்று எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

"அம்மா, கண்டியில நல்ல தையல்கடை இருக்குத்தானே, குடுங்கோவன்" என்றாள் மகள்.

"என்ர பிள்ளையின்ர கூறைச் சட்டையை வேற ஆரோ தைக்கிறதோ? விசர்க் கதை கதையாதை."

அளவெடுத்து, வெட்டி, மெஷினுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டேன். நல்ல காலம், முதலில் ஒரு பழந்துணியில் ஓட்டிப் பார்த்தேன். மேல்பக்கம் அழகான தையல். திருப்பினால் அடிப்பக்கம் நூல் பந்து பந்தாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அடிநூல் சுற்றிய பொபினைக் கழற்றிப் பூட்டினேன். ஊசியை மாற்றினேன். நூலை மாற்றினேன். திரும்பவும் அதே பந்து.

அப்போது இணையத்தில் தமிழ்ப் பெண்களுக்கான ஒரு தையற்குழுவில் இருந்தேன். ஆயிரக்கணக்கான ஆட்கள். அதை நடத்தியவளும் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிசிதான், கண்டி நகரில் ஒரு கடைக்கு மேல்மாடியில் தையல் வகுப்பு வைத்திருந்தாள். குழுவில் எல்லாரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். பிடியில் மஞ்சள் ரிப்பன் கட்டிய கத்தரிக்கோல் ஒன்று அவள் போடும் படங்களில் எல்லாம் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும்.

அந்தக் குழுவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யாராவது அடிப்படைக் கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடாது. ஊசிப் படம் ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான். 'பதில் சொல்லுற ஆக்கள் சோம்பேறியளை வளர்க்கினம்' என்று டீச்சர் விதி எழுதி வைத்திருந்தாள். மீறிச் சொன்னவர்களைக் குழுவை விட்டே தூக்கினாள். மற்றவர்களுக்கு ஊசி விழுவதை நான் கண்டிருக்கிறேன். எனக்கும் விழும் என்று நினைக்கவில்லை. மகளின் கூறைச் சட்டை என்று சொன்னால் மனம் இரங்காதா என்றுதான் நினைத்தேன்.

பணிவாகத்தான் எழுதினேன். புது மெஷின், அடியில் நூல் பந்தாகிறது, மகளின் கூறைச் சட்டை தைக்க வேண்டும், கலியாணம் கிட்ட வந்துவிட்டது, தெரிந்தவர்கள் உதவுங்கள் என்று. படமும் போட்டேன்.

முதல் பதில் டீச்சருடையது.

'மெஷின் பெட்டிக்குள்ள ஒரு புத்தகம் இருந்திருக்கும் அம்மா. வாசிக்கத் தெரியாட்டி ஆரையும் கொண்டு வாசிப்பியுங்கோ.'

அதற்குக் கீழே ஊசி. அதற்குக் கீழே இன்னொரு ஊசி. பிறகு ஊசி ஊசியாக வந்து விழுந்தது, சிரிக்கிற மூஞ்சைகள் வேறு. கந்தோரில் எத்தனை பேரின் மனுக்களை வாசித்துக் கையெழுத்து வைத்தவள் நான். எனக்கு வாசிக்கத் தெரியாதாம்! அந்த ஆத்திரம் அடங்க முதல், டீச்சரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

'என்ர வகுப்பில சேருங்கோ. அடிப்படையிலயிருந்து சொல்லித்தாறன்.'

அப்போதுதான் விளங்கியது. சபையில் வைத்து அவமானப்படுத்துவது, பிறகு தனியாகக் கூப்பிட்டு வகுப்பில் சேர்ப்பது. ஊசிப் படம் என்பது அவளுடைய கடை விளம்பரம். அட கோதாரி விழுவாளே என்று வாய்விட்டே திட்டினேன்.

அந்தக் கொதியோடு நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இவளிடம் கேட்டா நான் தைக்க வேண்டும், இந்த மெஷின் ஏன் ஓடாது, ஓடத்தான் வேண்டும் என்று பழந்துணியை எறிந்துவிட்டு, வெட்டிவைத்த கூறைத் துணியையே ஊசிக்குக் கீழே வைத்து அமத்தினேன். மெஷின் ஒரு சத்தம் போட்டது. துணியைக் கவ்வி உள்ளே இழுத்தது. நான் வெளியே இழுத்தேன். கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. முன்பக்கத் துண்டில், நெஞ்சுக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை.

துணியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போது ஃபோனில் இன்னொரு செய்தி வந்தது. வத்தேகமையில் வீட்டிலிருந்து பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு பிள்ளை, அதே குழுவில் இருப்பவள், குரலில் பேசி அனுப்பியிருந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நூல் கோக்கும்போது துணிய அமத்துற அந்தக் கால மேல தூக்கி வைங்க. அது கீழ இருந்தா நூல் உள்ள போயி சரியா உக்காராது. அவ்ளோதாங்க்கா. குழுவுலயே சொல்லியிருப்பேன், டீச்சர் என்னையும் தூக்கிருவாங்க. அதான் பயந்துகிட்டு இவ்ளோ நேரம் யோசிச்சேன்."

பழைய மெஷினில் அந்தக் காலை எப்போதும் கீழே இறக்கி வைத்தே நூல் கோர்த்துப் பழகிய கை என்னுடையது. தூக்கி வைத்து நூலைக் கோர்த்தேன். பழந்துணியில் ஓட்டினேன். மேலேயும் கீழேயும் தண்ணீர் மாதிரிப் போனது தையல். இதைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்காக நான் அன்று ஒப்பாரி வைத்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மகள் கடையில் வாங்கிய வெறும் சிவப்புச் சட்டையோடு மணவறையில் இருந்தாள். தங்கமான பிள்ளை அவள். மாப்பிள்ளையின் பெரியம்மாதான் சாப்பாட்டுப் பந்தியில் எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள்.

"என்ன, எங்கட துணி உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?"

சிரித்து மழுப்பினேன். அந்தப் பந்தியில் இருந்துகொண்டேதான் முடிவெடுத்தேன். டீச்சரே, உமக்கு இருக்கு.

குழுவை விட்டு நான் விலகவில்லை. அங்கேதான் இருந்தேன், வாயே திறக்காமல். புதிதாக யாராவது வந்து கேள்வி கேட்டு, ஊசிகள் விழத் தொடங்கியதும், டீச்சரின் வகுப்பு அழைப்புப் போய்ச் சேர முதல் என்னுடைய செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரும். கேள்விக்குப் பதில், விளக்கப் படம், கடைசியில் ஒரு வரி: 'நாங்கள் வேற குழு ஒண்டு வைச்சிருக்கிறம், வாங்கோ.' எனக்குத் தெரியாத கேள்வி என்றால் வத்தேகமைப் பிள்ளையிடம் கேட்பேன். அவளும் நானும்தான் அந்தக் குழுவைத் தொடங்கினோம்.

"அக்கா, பாவம்க்கா டீச்சர்" என்பாள் சில நேரம்.

"பாவமோ? நீ வாயைப் பொத்திக்கொண்டு அந்த மனிசிக்குப் பொபின் படத்தை அனுப்பு."

எங்கள் குழுவுக்கும் விதி எழுதினேன். கந்தோரில் சுற்றறிக்கை எழுதிப் பழகிய கை, விடுமா? எவ்வளவு சின்னக் கேள்வியானாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும். தேடிப் பார், வாசித்துப் பார் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. கேட்ட கேள்வியை அழிக்கக்கூடாது, அடுத்து வருகிறவருக்கு உதவும். பதில் சொல்கிறவர் கேட்டவரை மரியாதையாக விளித்துத்தான் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்கள், எவ்வளவு நல்ல மனிசி என்று என்னைப் புகழ்ந்தார்கள். நல்ல மனமாவது மண்ணாவது. ஒவ்வொரு பதிலையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன். ஊசி வாங்கிய ஆட்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்தார்கள். அந்தக் குழுவில் கேட்க ஆளில்லாமல் போனது. ஒருநாள் கண்டிச் சந்தைக்குப் போன இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன், அந்த மேல்மாடியில் வகுப்புப் பலகை இல்லை. அன்று எனக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததுகூடத் தெரியவில்லை, அவ்வளவு சந்தோசம்.

போன ஆவணி மாதம், ஒரு பின்னேரம், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேள்வி கேட்டிருந்தார். பெயர் இருக்கும் இடத்தில் 'செவ்வந்தி' என்று ஒரு பூ, முகம் இருக்கும் இடத்திலும் அதே பூ.

'புதுசா ஓவர்லொக் மெஷின் வாங்கினனான். கீழ் நூல் அறுந்து அறுந்து போகுது. நாளைக்குக் கலியாணம், பொம்பிளையின்ர உடுப்புக் கையில கிடக்கு. தயவுசெய்து ஆரும் சொல்லுங்கோ.'

படமும் போட்டிருந்தார். துணி ஓரம் அடிக்கும் அந்த மெஷினுக்குப் பக்கத்தில், மேசை விளிம்பில், மஞ்சள் ரிப்பன் கட்டிய கத்தரிக்கோல்.

வத்தேகமைப் பிள்ளை உடனே கூப்பிட்டாள்.

"அக்கா, பாத்தீங்களா? நான் பதில் போடவா?"

"நீ சும்மா இரு. இது என்ர."

முதலில் நான் எழுதியது என்ன தெரியுமா? 'மெஷின் பெட்டிக்குள்ள ஒரு புத்தகம் இருந்திருக்கும்.' எழுதி, அனுப்பப் போகிற விரலை அப்படியே வைத்திருந்தேன். எத்தனை நாள் காத்திருந்த வரி! ஆனால் அந்தப் படத்தில் துணியும் தெரிந்தது. சிவப்பு. ஓரமெல்லாம் சரிகை. அந்தக் கலியாணப் பெண் என்ன பாவம் செய்தாள்? அவளுக்கும் ஒரு பந்தியில் எவளாவது ஒரு பெரியம்மா இருப்பாள். எழுதியதை அழித்தேன். அதற்காக விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

எங்கள் விதிப்படியே பதில் சொன்னேன். முழுப் பதில், மரியாதையாக விளித்து.

'வணக்கம் டீச்சர். ஊசி நூலை முதல்ல கோத்திருப்பீங்கள், அதுதான் அறுக்குது. எல்லா நூலையும் கழற்றிப்போட்டு, கீழ் நூல் ரெண்டையும் கோத்து முடிச்சு, ஊசி நூலைக் கடைசியாக் கோவுங்கோ. வெட்கப்படாமல் கேட்டது நல்லது டீச்சர். இது ஆருக்கும் வாற பிழைதான்.'

பிறகு வந்தார்கள் பாருங்கள், அங்கே ஊசி வாங்கிய அத்தனை பேரும். ஒருத்தி படம் அனுப்பினாள். ஒருத்தி வீடியோ எடுத்து அனுப்பினாள். 'டீச்சர், நீங்க கேட்டது ரொம்ப நல்லதாப் போச்சு.' 'டீச்சர், பயப்படாதீங்க, எங்களுக்கும் ஆரம்பத்துல அப்படித்தான்.' 'டீச்சர், இப்ப சரியா வருதா?' ஒருவர்கூட ஊசிப் படம் போடவில்லை. எல்லாம் அன்பு, எல்லாம் மரியாதை, வரிக்கு வரி டீச்சர்.

உடுப்புத் தப்பியது. 'சரிவந்திட்டுது, நன்றி' என்று ஒரு வரி போட்டாள். கேள்வியை அழிக்கச் சொல்லி வத்தேகமைப் பிள்ளையிடம் தனியாகக் கெஞ்சியிருக்கிறாள். எங்கள் குழுவில் கேள்வியை அழிக்கும் வழக்கம் இல்லை என்று அவளும் பணிவாகச் சொல்லிவிட்டாள். புதிதாக வருகிறவர்கள் முதலில் பார்ப்பதற்கு அதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே குத்தி வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலையில் செவ்வந்திப் பூ எனக்குத் தனியாக எழுதியது.

'நான்தான் எண்டு எப்பிடித் தெரியும்?'

அலுமாரியைத் திறந்தேன். ஓட்டையோடு மடித்து வைத்த கூறைத் துணி அங்கேதான் இருக்கிறது, நான் எறியவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாகப் பதில் எழுதினேன்.

'மெஷின் பெட்டிக்குள்ள ஒரு புத்தகம் இருந்தது டீச்சர். ஆரையோ கொண்டு வாசிப்பிச்சனான்.'