வெறும் வயிறு

மகள் ராகிக்கூழ் கிண்டும் வாசனை வந்ததும் நினைவில் சக்குபள்ளம் எஸ்டேட்டின் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போய்விட்டேன்.

எழுபதுகளில் அம்மா விடிந்ததும் பாலில்லாத கட்டஞ்சாயா மட்டும் குடித்துவிட்டு ஏலக்காட்டுக்கு வேலைக்கு ஏறுவாள். ஒரு நாள் செடிகளுக்கிடையே மயங்கி விழுந்தவளைச் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். உதடு வெளுத்திருந்தது.

"இனி வெறும் வயித்தோட மலை ஏறினா எந்திரிக்கவே மாட்டே" என்றார் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ்.

மறுநாளிலிருந்து அடுப்பில் கூழ் கொதித்தது. "எனக்கு சாயா போதும்டி, நீ குடி" என்று அம்மா சட்டியை என் பக்கம் தள்ளுவாள். அவள் குடித்து முடிக்கும்வரை வாசலை மறித்து நிற்பேன். பள்ளியில் வகுப்புக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டாலே, அம்மாவைத் தூக்கி வருகிறார்கள் என்று எழுந்து எட்டிப் பார்ப்பேன்.

மகள் கூழை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"நீ சாப்பிட்டியாடி?"

"டீ குடிச்சேன்மா. போதும்."

எழுந்து போய் வாசலை மறித்து நின்றேன்.