ஏழாம் நம்பர் கிட்டார்

அண்ணனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. ஓசூரில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் நின்றவர். காதில் அடைத்துக்கொள்ளக் கொடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலை பார்த்த தலைமுறை அது. மிச்சமிருப்பதும் சீக்கிரம் அடங்கிவிடும் என்று டாக்டர் சொன்ன அன்று, பஸ்ஸில் திரும்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தக் கிட்டாரு யாருகிட்ட இருக்குதுன்னு பாருடா. ஒருக்கா கேட்டுட்டா போதும்."

அது கடையில் வாங்கியதல்ல. ஒரு ஃபவுண்டரியில், வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செதுக்கும் வேலையில் இருந்தவர், மிஞ்சிய தேக்கை வைத்து வீட்டில் செய்தது. மொத்தமே ஒரு டஜன் செய்திருப்பார். கம்பெனிப் பழக்கம் எங்கே போகும்? ஒவ்வொன்றிலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்தின் பின்பக்கம், இரும்பில் எண் அடிக்கும் பஞ்ச் உளியை வைத்து ஒரு நம்பர் அடித்துவிடுவார். அண்ணனுடையது ஏழு. கல்யாணக் கச்சேரிகளில் அவர் அதை வாசிக்க, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மூன்று ஷிப்டும் குடும்பமும் சேர்ந்து கழுத்தைப் பிடித்த பிறகு, சும்மா கிடந்தால் பாவம் என்று யாருக்கோ கொடுத்துவிட்டார். செய்தவரும் இறந்து வெகுகாலம் ஆகிறது. பெங்களூரில் பழைய கிட்டார் சேர்ப்பவர்கள் இப்போது அந்த ஒரு டஜனையும் தேடுவதாகக் கேள்வி. எனக்கு ஏழு மட்டும் போதும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளம்பினேன். தளியில் ரோஜா பயிரிடும் ஒரு வீட்டில் மூன்றாம் நம்பர் இருந்தது. கன்னடத்தில் வரவேற்றார்கள், காபி கொடுத்தார்கள், கிட்டாரைத் தொட மட்டும் விடவில்லை. காவேரிப்பட்டினத்தில் பதினோராம் நம்பர் முகப்புப் பலகை பிளந்து, கம்பியில்லாமல் பரணில் கிடந்தது. அதன் சொந்தக்காரர் அதைக் கீழே இறக்கியதற்கே என்னைக் கடிந்துகொண்டார்.

அடுத்து, கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் வழியில் ஒரு வீடு. லேத் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிட்டாரைச் சாமி அறையிலிருந்து எடுத்து வந்தார். கருத்துப் போயிருந்தது, அண்ணனுடையதோ தேன் நிறம். கழுத்தின் பின்னால் சந்தனமும் குங்குமமும் விரல் கனத்துக்கு அப்பியிருந்தன. நம்பர் எதுவும் தெரியவில்லை. நான் இருபத்தைந்து வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பவன். ஒரு பார்வையில் பாஸா ரிஜெக்டா என்று சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. இது இல்லைங்க என்று சொல்லி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன்பின் பதினான்கு மாதம் அலைந்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். நானோ வெண்ணெயைப் பார்த்து, இது வெண்ணெய் இல்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு அலைந்த ஆள்.

அந்த மாதங்களில் அண்ணனுக்கு முதலில் போன் பேச்சு போனது. பிறகு டிவி. பிறகு பேத்தி கூப்பிடுவது. காதில் மெஷின் வைத்தும் எல்லாம் இரைச்சலாகவே விழுந்தது. ஞாயிறு சாயங்காலம் நான் திரும்பும்போது வாசலுக்கு வந்து என் கையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கடைசியில், அவரோடு வாசித்த பழைய டிரம்ஸ்காரர் ஒருவர் சொன்னார்: ஏழாம் நம்பர் கைமாறிக் கைமாறி அணை ரோட்டு லேத்காரரிடம்தான் போய்ச் சேர்ந்தது.

மறுபடி போனேன். பொட்டைத் துடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதும் தயங்கினார். பழைய பொட்டின் மேல்தான் புதுப் பொட்டு வைப்பாராம், அந்த இடத்தை மட்டும் துடைப்பதே இல்லையாம். அண்ணனின் காதைப் பற்றிச் சொன்னேன். அவரே ஈரத் துணி கொண்டுவந்து துடைத்தார். ஏழு.

"வாசிக்கத் தெரியாதுங்க எனக்கு. ஆசப்பட்டு வாங்குனது. ஆனா வீட்ல இருக்கற கருவிய அப்படியே விட முடியுங்களா? ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, என் லேத்துக்கு என்னா செஞ்சனோ அதத்தான் இதுக்கும் செஞ்சன். மண்ணெண்ணெயில தொடச்சி, எண்ணெ போட்டு, பொட்டு வெச்சி. ஒரு வருசங்கூட விட்டதில்ல."

பெருமையாகத்தான் சொன்னார். நான் ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தேன். ஊறிய பலகையைத் தட்டியது போலிருந்தது. கம்பி பழசு, அதனால்தான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். முதல் தடவை வந்தபோது நான் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. அன்று அதில் எவ்வளவு சத்தம் மிச்சமிருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு அன்று காது கேட்டது. அது எனக்குத் தெரியும்.

ஆபரேட்டர் தானும் வருவதாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் யாரும் வாசித்து அவர் அதைக் கேட்டதே இல்லையாம். வழியில் புதுக் கம்பி வாங்கினோம்.

அண்ணன் கிட்டாரைப் பார்த்ததும் அழுதுவிட்டார். புதுக் கம்பி மாட்டி, போனில் ஸ்வரம் காட்டி ஆடும் முள்ளைப் பார்த்துக்கொண்டே சுருதி சேர்த்தார். பிறகு காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தாடையை மரத்தின் மேல் அழுத்திக்கொண்டார். காது கைவிட்டாலும் அதிர்வு எலும்பில் கொஞ்சம் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணை மூடி மீட்டினார். நிறுத்தினார். தாடையை இன்னும் அழுத்தி மறுபடி மீட்டினார். ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பவர் போல நின்று கேட்டார்.

அண்ணன் தலையைத் தூக்கியபோது கன்னத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. என்னைக் கிட்டே இழுத்து, என் காதில் சொன்னார்.

"எண்ணெ எறங்கி மரம் செத்துப்போச்சுடா. அவருக்குத் தெரிய வேணாம், பாவம். நல்லா கேட்டுச்சுன்னு சொல்லிரு."

ரகசியமாகத்தான் சொல்வதாக நினைத்திருந்தார். தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவருக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை. சொல்லிவிட்டு, ஆபரேட்டரைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தார். ஆபரேட்டரும் கைகூப்பினார்.