லைட் வாங்காத முகம்

பார் லைட் ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. கறுப்படித்த ஒரு தகர டப்பா, அதற்குள் லாரியின் முகப்பு விளக்கு போல ஒரு பல்பு, வாயில் கலர் பேப்பர் சொருக ஒரு சட்டம். அவ்வளவுதான். மேடைக்குப் பின்னால் மாட்டினால் ஆட்களைச் சுற்றி நிறம் கட்டும். முன்னால் மாட்டினால் முகம் தெரியும். வெளிச்சம் வட்டமாக விழாது, முட்டை வடிவில் விழும். பின்னால் இருக்கும் பீங்கான் ஹோல்டரைக் கால் சுற்று திருப்பினால் நின்ற முட்டை படுத்துக்கொள்ளும். இந்தக் கால் சுற்றில்தான் நான் மானம் கெட்டேன்.

எங்கள் திருச்சபை ஸ்ரீவில்லிபுத்தூரில். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு நாடகம் போட்டோம். எல்.இ.டி. லைட் எல்லாம் கல்யாணங்களுக்குப் போய்விட்டதால், ராஜபாளையத்துக் கடையில் மிச்சம் கிடந்த பழைய பார் லைட் நான்கை வாடகைக்கு எடுத்து வந்தேன். கல்லூரியில் கலைவிழாவுக்கு லைட் போட்டவன் என்பதால் சபையில் எனக்கு லைட்மேன் என்ற பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நாடகம் அக்கா தங்கை கதை. தங்கையாக நடித்தவள் நல்ல சிவப்பு. அக்காவாக நடித்தவள் வன்னியம்பட்டிக்காரி, இங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை, என்னைப் போலவே கறுப்பு. வசனம் முக்கால்வாசி அவளுக்குத்தான். இரண்டு மாதமாகப் பேருந்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்து மனப்பாடம் செய்திருந்தாள். அவள் மேடையேறுவதைப் பார்க்க அவளுடைய அம்மா முதல் தடவையாக வரப்போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒத்திகையைப் போனில் படம் பிடித்துப் பார்த்தோம். தங்கை பளிச்சென்று தெரிந்தாள். அக்கா மங்கலாகத் தெரிந்தாள். அந்த முகம் லைட் வாங்காது என்று நான்தான் சொன்னேன், பெரிய நிபுணன் மாதிரி. தொழிலில் சொல்கிற வார்த்தைதான், ஆனால் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பது சொல்கிற எல்லோருக்கும் தெரியும். அவள் பக்கம் இன்னும் ஒரு லைட்டைத் திருப்பியிருக்க வேண்டும். நான் செய்ததோ நேர்மாறு. வீடியோ அழகாக வரட்டும் என்று முன் விளக்குகள் இரண்டிலும் ஹோல்டரைத் திருப்பினேன். படுத்திருந்த முட்டை நிமிர்ந்து நின்றது. நடுவில் நின்ற தங்கை மேல் மட்டும் வெளிச்சம் விழுந்தது. அக்கா நிற்கும் ஓரம் இருட்டாகிவிட்டது.

பண்டிகையன்று நாடகம் முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவாக நடித்தவளின் அம்மா மேடையோரம் வந்து என்னைத்தான் கேட்டார்.

"சத்தம் நல்லாக் கேட்டுச்சு தம்பி. எம்மவ எங்க நின்னான்னுதான் தெரியல. எனக்குத்தான் கண்ணு மங்கிப் போச்சா?"

"இல்லம்மா, இந்த லைட்டு அப்பிடித்தான் விழும். ஒண்ணும் செய்ய ஏலாது" என்றேன்.

அவர் அதை அப்படியே நம்பினார். லைட்டைக் குறை சொன்னதாக நான் நினைத்துவிடக் கூடாதே என்று அவரே சமாதானமும் சொல்லிவிட்டுப் போனார். சபை விருந்தான அசனப் பந்தியில் நான் உட்காரவே இல்லை.

மறுநாள் காலை லைட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒயர் சுருட்ட ஆள் வேண்டுமே என்று, மருந்துக்கடைக்குப் போகும் வழியில் அக்காவாக நடித்தவளே வந்து நின்றாள். எல்லாப் பல்பும் எரிகிறதா என்று பார்க்க, ஒவ்வொன்றாகச் சுவரைப் பார்த்து வைத்துப் போட்டேன். ஒரு லைட்டை நகர்த்த அவள் பின்பக்கம் பிடித்தபோது ஹோல்டர் அவள் கையோடு திரும்பியது. சுவரில் நின்ற முட்டை மெதுவாகப் படுத்தது. அவள் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். மறுபடி படுக்க வைத்தாள்.

"இது திரும்புமாண்ணே?"

"திரும்பும்."

திட்டியிருந்தால் தேவலை. சுவிட்சை அணைத்துவிட்டு மிச்ச ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். மன்னிப்புக் கேட்காமல் அடுத்த ஒயரை எடுத்து நீட்டினேன். கட்டி முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"இது திரும்பும்னு எங்கம்மாட்ட சொல்லிறாதியண்ணே. லைட்டு அப்பிடித்தான்னே அவ நெனைச்சுக்கிடட்டும்."